தில்லைநகர் கன்சல்டன்சி: விண்ணப்பம் போடப் போகலாம், எப்போது போடுவது என்று கேட்கப் போக வேண்டாம்

திருச்சி தில்லைநகரில் இருக்கும் ஒரு வெளிநாட்டுக் கல்வி கன்சல்டன்சியை என் மகளுக்காக ஒரு வருடத்துக்கு மேல் பயன்படுத்திய அனுபவத்தில் இதை எழுதுகிறேன். பெயர் போடவில்லை. நான் சொல்லப்போகும் குறைகளில் முக்கால்வாசி அந்தத் தொழில் ஓடுகிற விதத்தில் இருக்கிறது. ஒருவர் பெயரை மட்டும் போட்டால் அதே தெருவில் போர்டு மாட்டியிருக்கிற மற்றவர்கள் எல்லாம் யோக்கியர்கள் என்று ஆகிவிடும். மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேப்பர் வேலைக்கு ஐந்துக்கு நாலு, தாராளமாகக் கொடுக்கலாம். ஆலோசனைக்கு ஒன்று. அந்த ஒன்றும், எங்களிடம் பேசிய தம்பி கடைசி வரைக்கும் பொறுமையாகப் பேசினார் என்பதற்காக.

நாங்கள் போனபோது மகள் பதினொன்றாம் வகுப்பு, ஸ்டேட் போர்டு, உயிரியல் கணிதம் குரூப். வயது பதினாறு. உயிரியல் படிக்க வேண்டும், நீட் எழுத மாட்டேன் என்பதில் தெளிவாக இருந்தாள். வெளிநாடு என்பது அவள் பள்ளித் தோழிகள் மூலமாக வந்த ஆசை. நான் வங்கியில் வேலை பார்ப்பவள், கல்விக் கடன் ஃபைல்கள் என் மேசை வழியாகத்தான் போகும், அதனால் ஆசையைக் கேட்டதும் எனக்கு முதலில் வட்டிதான் கண்ணில் தெரிந்தது. வீட்டுக்காரர் அப்படி இல்லை. "போகட்டுமே, இப்பவே போனாத்தானே நல்லா செட் ஆவா" என்றார். சரி, இவள் இப்போது போவதா, பிளஸ் டூ முடித்துப் போவதா, டிகிரி முடித்துப் போவதா என்று விவரம் தெரிந்தவர்களிடம் கேட்போம் என்று போனோம். எங்களுக்கு இருந்தது இந்த ஒரே கேள்விதான்.

அந்தக் கேள்விக்கு அங்கே பதில் தயாராகவே இருந்தது. செப்டம்பர்.

உட்கார்ந்ததும் கேட்டது பட்ஜெட். அடுத்தது எந்த இன்டேக், அதாவது எந்த மாதச் சேர்க்கை. பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்பது மூன்றாவதாகவோ நாலாவதாகவோ வந்தது, அதுவும் விண்ணப்பப் படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்புவதற்காக. "மேடம், இந்த செப்டம்பர் இன்டேக்கை விட்டா அடுத்தது ஜனவரிதான், அதுல கோர்ஸ் கம்மி, ஸ்காலர்ஷிப்பும் கிடைக்காது, போன வருஷம் யோசிக்கிறோம்னு போனவங்க எல்லாம் இப்ப வந்து நிக்கிறாங்க" என்று அந்தத் தம்பி மூச்சு விடாமல் சொன்னார். பிரிட்டனில் செப்டம்பரில் பெரிய சேர்க்கையும் ஜனவரியில் சின்ன சேர்க்கையும் உண்டு என்பது உண்மைதான். அதற்கு அடுத்த வருடமும் ஒரு செப்டம்பர் வரும் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

ஏன் சொல்ல மாட்டார்கள் என்றால், காசு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் புரியும். "எங்க சர்வீஸ் முழுக்க ஃப்ரீ" என்று வாசலிலேயே எழுதியிருக்கிறார்கள். பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் பல்கலைக்கழகங்கள், தங்களுக்கு மாணவரைப் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்டுக்கு முதல் வருடக் கட்டணத்தில் ஒரு பங்கைக் கமிஷனாகக் கொடுக்கின்றன. பொதுவாகப் பிள்ளை அங்கே போய்ச் சேர்ந்து கட்டணமும் கட்டிய பிறகுதான் அந்தப் பணம் வரும். இதில் திருட்டுத்தனம் ஒன்றும் இல்லை, ஊருக்கே தெரிந்த வியாபாரம். ஆனால் விளைவைப் பாருங்கள். "உங்க பொண்ணு ரெண்டு வருஷம் கழிச்சுப் போகட்டும்" என்று ஒரு கவுன்சிலர் சொன்னால் அவருக்கு வருமானம் பூஜ்யம். ரெண்டு வருடம் கழித்து நாம் அதே கடைக்கு வருவோம் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் கமிஷன் தருவதில்லை, அதனால் அதே கடையில் ஜெர்மனி என்று சொன்னதும் "அதுக்கு பேக்கேஜ் சார்ஜ் இருக்கு மேடம்" என்றார்கள். எது இலவசம், எதற்குக் காசு என்கிற பட்டியலை வாங்கிப் படித்தாலே கடையின் வரவு செலவு முழுக்க விளங்கிவிடும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அவர்கள் எங்களுக்குப் போட்டுக் கொடுத்த திட்டம் இது: பிளஸ் டூ முடிந்ததும் பிரிட்டனில் ஃபவுண்டேஷன் என்கிற ஒரு வருடத் தயாரிப்புப் படிப்பு, அப்புறம் மூன்று வருடப் பட்டம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நம் பன்னிரண்டாம் வகுப்பை நல்ல மதிப்பெண்ணோடு முடித்தவரைப் பெரும்பாலான பிரிட்டன் பல்கலைக்கழகங்கள் நேராக முதலாண்டில் சேர்த்துக்கொள்கின்றன. ஸ்டேட் போர்டுக்குச் சில இடங்களில் கூடுதல் சதவீதம் கேட்பார்கள், அவ்வளவுதான். பத்தாம் வகுப்பில் தொண்ணூறைத் தாண்டிய பிள்ளைக்கு எதற்கு ஃபவுண்டேஷன் என்று கேட்டேன். "பொண்ணு சின்னப் பொண்ணு இல்லையா, அங்க பழகிக்கட்டும்" என்று பதில் வந்தது. சின்னப் பெண் என்றால் வீட்டில் இருந்து பழகலாமே, ஒரு வருடத்துக்கு முழுக் கட்டணமும் கட்டிப் பழக வேண்டுமா என்றேன். அந்தத் தம்பி சிரித்துவிட்டார். நல்ல பிள்ளைதான்.

ஸ்காலர்ஷிப் என்று அவர்கள் காட்டியதும் பெரிய விஷயம் இல்லை. பல பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவர் யார் சேர்ந்தாலும் கொஞ்சம் கட்டணத்தைக் குறைத்துக் கொடுக்கும், அதற்கு வைத்திருக்கும் பெயர்தான் ஸ்காலர்ஷிப். தீபாவளித் தள்ளுபடியை யாரும் பரிசு என்று ஃபிரேம் போட்டு மாட்டுவதில்லை. கூட ஒரு வண்ணப் பிரசுரம் கொடுத்தார்கள், அதில் படிப்பு முடிந்து இரண்டு வருடம் அங்கேயே தங்கி வேலை தேடலாம் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அந்த கிராஜுவேட் விசா விதி மாறிவிட்டது. 2027 ஜனவரி 1 முதல் அதற்கு விண்ணப்பிக்கிறவர்களில் இளங்கலை, முதுகலை முடித்தவர்களுக்கு 18 மாதம்தான். பிளஸ் டூ முடித்துப் போகிற பிள்ளை பட்டம் வாங்கும்போது பழைய விதி எங்கே இருக்கும்? பழைய பிரசுரம் மிச்சம் இருந்திருக்கலாம், வேண்டுமென்றே கொடுத்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சுட்டிக்காட்டிய பிறகும் அடுத்த முறை போனபோது அதே பிரசுரம் அதே ஸ்டாண்டில் இருந்தது.

விதிகள் பிள்ளை படித்துக்கொண்டிருக்கும்போதே மாறும் என்பது வங்கியில் எனக்கு அத்துப்படி. கனடாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 ஜனவரியில் மாணவர் அனுமதிக்கு உச்சவரம்பு போட்டார்கள், அதே மாதம் காட்ட வேண்டிய வாழ்க்கைச் செலவுப் பணத்தைப் பத்தாயிரம் டாலரிலிருந்து 20,635 டாலராக உயர்த்தினார்கள், நவம்பரில் நம் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் போய்க்கொண்டிருந்த எஸ்டிஎஸ் என்கிற விரைவு வழியையே மூடிவிட்டார்கள். ஒரே வருடத்தில் இவ்வளவு. அந்த வருடம் எங்கள் கிளைக்கு வந்த பெற்றோர் முகங்களைப் பார்த்தவள் நான். முதுகலைக்குப் போகிறவருக்கு இந்த மாதிரி ஆட்டம் ஒன்றிரண்டு வருடம், பதினேழில் இளங்கலைக்குப் போகிறவருக்கு நாலைந்து வருடம். கடனும் அப்படித்தான்.

வயதைப் பற்றி அந்தக் கடையில் யாரும் தானாக வாய் திறக்கவில்லை, நாங்களாகக் கேட்டபோதுதான் பேச்சு வந்தது. இதுதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்த இடம். நம் ஊரில் பிளஸ் டூ முடிக்கும்போது பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பதினேழு. என் மகளுக்கு நவம்பரில்தான் பதினெட்டு ஆகும். பிரிட்டன் மாணவர் விசாவுக்குப் பதினாறு, பதினேழு வயதில் விண்ணப்பிக்கலாம், ஆனால் விசாவுக்கும் பயணத்துக்கும் அங்கே தங்குவதற்கும் பெற்றோர் எழுத்தில் சம்மதம் தர வேண்டும், பல பல்கலைக்கழகங்கள் அங்கேயே வசிக்கும் ஒரு பாதுகாவலர் பெயரையும் கேட்கும். அந்தப் பாதுகாவலர் சேவையைக் காசுக்கு விற்கும் நிறுவனங்களும் உண்டு. ஆஸ்திரேலியாவில் இன்னும் கறார்: பதினெட்டுக்குக் கீழ் என்றால் தகுதியான உறவினர் கூட இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தங்குமிடத்துக்கும் நலனுக்கும் கல்லூரியே பொறுப்பேற்றுக் கடிதம் கொடுக்க வேண்டும். கனடாவில் ஒன்டாரியோ என்றால் பதினெட்டு, பிரிட்டிஷ் கொலம்பியா என்றால் பத்தொன்பது வரைக்கும் மைனர். ஜெர்மனியில் பதினெட்டு ஆகாத பிள்ளை பெற்றோர் சம்மதம் இல்லாமல் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட முடியாது.

இதெல்லாம் தாண்ட முடியாத தடைகள் இல்லை. காகிதம், கொஞ்சம் காசு, முடிந்துவிடும். ஆனால் நவம்பரில் பதினெட்டு ஆகிற பெண்ணை செப்டம்பரிலேயே அனுப்பி இரண்டு மாதத்துக்கு இத்தனை கடிதமும் பாதுகாவலரும் எதற்கு, சேர்க்கையை ஒரு வருடம் தள்ளிவைத்தால் என்ன என்பதை யாராவது ஒருவர் எங்களிடம் கேட்டிருக்க வேண்டுமா இல்லையா? பிரிட்டன் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்பத் தளமான யூகாஸில், விண்ணப்பத்திலேயே அடுத்த வருடச் சேர்க்கை வேண்டும் என்று கேட்க வழி இருக்கிறது. இந்த வருடம் விண்ணப்பம், அடுத்த வருடம் சேர்க்கை. நாங்களே அந்தத் தளத்தில் படித்துத் தெரிந்துகொண்டு வந்து கேட்ட பிறகுதான் "ஆமா மேடம், அதுவும் பண்ணலாம்" என்றார்கள்.

சரி, நாலு மதிப்பெண் எதற்கு என்று சொல்ல வேண்டும். இனிஷியல். தமிழ்நாட்டுப் பெற்றோருக்கு இந்த ஒரு சொல் போதும். மதிப்பெண் பட்டியலில் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து, ஆதாரில் வேறு மாதிரி, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக உட்கார்ந்திருக்கும், ஆங்கில எழுத்துக்கூட்டல் மூன்றிலும் மூன்று விதம். இதை வெளிநாட்டில் இருக்கும் ஒரு சேர்க்கை அலுவலருக்கு விளக்குவது என்பது நம்மால் ஆகிற காரியம் இல்லை. இவர்கள் உட்கார்ந்த இடத்தில் எல்லாவற்றையும் விரித்துப் பார்த்து, எதை முதலில் மாற்ற வேண்டும், எதை அஃபிடவிட் வைத்துச் சமாளிக்கலாம், பள்ளிச் சான்றிதழில் என்ன வரி சேர்க்கச் சொல்ல வேண்டும் என்று வரிசையாக எழுதிக் கொடுத்தார்கள். அதை அப்படியே செய்தோம், பிறகு எந்த இடத்திலும் பெயரால் சிக்கல் வரவில்லை.

அதே மாதிரி பள்ளி விவகாரம். பிரிட்டன் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும்போது பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்திருக்காது, அதனால் ஆசிரியர் உத்தேச மதிப்பெண் போட்டு ஒரு பரிந்துரையும் எழுத வேண்டும். எங்கள் பள்ளித் தலைமையாசிரியை "நானா மார்க் போடுறதா, நாளைக்கு யாராவது கேஸ் போட்டா?" என்று பயந்துவிட்டார். கன்சல்டன்சியிலிருந்து ஒரு பெண் நேரில் போய் மாதிரிக் கடிதங்களைக் காட்டி, இது உலகம் முழுக்க நடக்கிற வழக்கம்தான் டீச்சர் என்று பேசி வாங்கி வந்தார். காசு வாங்கவில்லை. அந்தப் பெண்ணுக்குத் தனியாக நன்றி.

பர்சனல் ஸ்டேட்மென்ட் மட்டும் அவர்களிடம் கொடுக்காதீர்கள். யூகாஸ் 2026 சேர்க்கையிலிருந்து பழைய நீளக் கட்டுரையை மூன்று கேள்விகளாகப் பிரித்துவிட்டது, மொத்தம் 4,000 எழுத்துகளுக்குள் எழுத வேண்டும். ஏன் இந்தப் படிப்பு, இதுவரை படித்தது உன்னை எப்படித் தயார் செய்தது, வகுப்பறைக்கு வெளியே என்ன செய்தாய். நியாயமான கேள்விகள், பிள்ளை தானே எழுத வேண்டியவை. இவர்கள் அனுப்பிய வரைவு பழைய பாணிக் கட்டுரை, அதில் என் மகளுக்குச் சிறு வயதிலிருந்தே கணினி நிரல் எழுதுவதில் தீராத தாகம் என்று இருந்தது. உயிரியல் விண்ணப்பம். இரண்டாம் பத்தியில் வேறு ஒரு பிள்ளையின் ஊர்ப் பெயர். அவள் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள், நான் போன் போட்டேன், "டெம்ப்ளேட் மாறிப் போச்சு மேடம்" என்றார்கள்.

கடன் பகுதியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் வேலைக்குத் துரோகம். அவர்களே ஒரு தனியார் நிதி நிறுவனத்தின் ஆளைப் பக்கத்து அறையில் உட்கார வைத்திருக்கிறார்கள். வேகம் உண்மை, வட்டியும் உண்மை. எங்கு வாங்கினாலும் இதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்: படிக்கும் காலத்தில் தவணை கட்ட வேண்டாம் என்பதற்கு வட்டி ஓடாது என்று அர்த்தம் இல்லை, அன்றாடம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். வங்கிகளில் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் பெரும்பாலும் சொத்து அடமானம் கேட்போம், வெளிநாட்டு இளங்கலைக்கு ஏழரை லட்சம் எந்த மூலைக்கு? ஆக வீட்டுப் பத்திரம் உள்ளே போகும். மூன்று நாலு வருட இளங்கலைக்கு ஓடும் வட்டியும் ஒன்றிரண்டு வருட முதுகலைக்கு ஓடும் வட்டியும் ஒன்றா? வருமான வரியில் கல்விக் கடன் வட்டிக்குக் கழிவு உண்டு, எட்டு வருடம் வரை, ஆனால் பழைய வரித் திட்டத்தில் இருப்பவர்களுக்கு மட்டும். சொந்தப் பணத்தை அனுப்புகிறவர்கள் ஒரு நிதியாண்டில் 10 லட்சத்தைத் தாண்டினால் டிசிஎஸ் என்கிற வரியை முன்கூட்டியே பிடிப்பார்கள், வங்கிக் கல்விக் கடனாக அனுப்பினால் 2025 ஏப்ரலிலிருந்து அது இல்லை. பக்கத்து அறைக்காரர் இதில் ஒன்றையும் சொல்லவில்லை.

அமெரிக்காவைப் பற்றி அங்கே கேட்பது வீண். இளங்கலைக்கு அமெரிக்கா என்றால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து மதிப்பெண் கேட்பார்கள், காமன் ஆப் என்கிற பொது விண்ணப்பம் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கிய பிறகு ஆகஸ்ட் 1 அன்று திறக்கும், முன்கூட்டிய விண்ணப்பங்களின் கெடு பெரும்பாலும் நவம்பர் 1. ஆக அந்த முடிவைப் பத்தாம் வகுப்பு முடியும்போதே எடுத்தாக வேண்டும். வெளிநாட்டுப் பிள்ளையின் வீட்டு வருமானத்தைப் பார்க்காமல் சேர்த்து, தேவையான அளவு உதவியும் தருகிற இடங்கள் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹெர்ஸ்ட் மாதிரி விரல் விட்டு எண்ணக்கூடியவைதான். மற்ற இடங்களில் முழுக் காசு, இல்லாவிட்டால் பெரும் போட்டி. இதற்கெல்லாம் சென்னையில் எஜுகேஷன்யுஎஸ்ஏ மையம் இருக்கிறது, அமெரிக்க அரசு ஆதரவில் நடப்பது, எந்தப் பல்கலைக்கழகத்திடமும் கமிஷன் வாங்காதது. அவர்கள் நடத்தும் பொதுக் கூட்டம் ஒன்றை ஆன்லைனில் பார்த்தோம். காசு இல்லை, அவசரப்படுத்தலும் இல்லை. "உங்களுக்கு இது தேவையா என்று முதலில் யோசியுங்கள்" என்று ஒருவர் சொல்லிக் கேட்டது அங்கேதான்.

எங்களுக்கு முடிவைக் கொடுத்தது ஜெர்மனி. காசில்லாப் படிப்பு என்று எல்லோரும் சொல்வதால் பார்க்க ஆரம்பித்தோம். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்பது சரிதான். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் மட்டும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ உண்டு, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து வசூலிக்கிறது. வருடத்துக்கு 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் (பிளாக்டு அக்கவுன்ட்) போட்டுக் காட்ட வேண்டும், அது பிள்ளையின் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் மாதாமாதம் திரும்பி வருகிற பணம்.

ஆனால் நம் பிளஸ் டூவை மட்டும் வைத்துக்கொண்டு நேராகப் பட்டப் படிப்பில் பொதுவாக நுழைய முடியாது. ஒன்று, ஜேஇஇ அட்வான்ஸ்டு தேறியிருக்க வேண்டும். இல்லையென்றால் ஸ்டூடியன்கொலெக் என்கிற தயாரிப்பு வகுப்பில் இரண்டு செமஸ்டர் படித்து அதன் இறுதித் தேர்வில் தேற வேண்டும். மூன்றாவது வழி, இங்கேயே அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் முதலாண்டை முடித்தால், அதே துறைக்கு நேராக விண்ணப்பிக்கலாம். நம் கல்லூரி அவர்கள் பட்டியலில் எப்படி இருக்கிறது என்று அனபின் என்கிற ஜெர்மன் தளத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். இது தவிர 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களுக்கு நம் கல்விச் சான்றிதழ்களைச் சரிபார்த்துக் கொடுக்கும் ஏபிஎஸ் சான்றிதழ் கட்டாயம், 18,000 ரூபாய் கட்டணம், கைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். உயிரியல் இளங்கலை பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான் நடக்கிறது, டெஸ்ட்டாஃப் என்கிற ஜெர்மன் மொழித் தேர்வு என்றால் நாலு பகுதியிலும் நாலு வாங்குகிற அளவுக்கு மொழி வேண்டும். ஏ1 என்கிற ஆரம்ப நிலை வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அது ஒரு வருடத்தில் வருவது கஷ்டம்.

இதை எல்லாம் சாப்பாட்டு மேசையில் பரப்பிவைத்துப் பார்த்தபோது எப்போது என்ற கேள்விக்கு விடை அதுவாகவே வந்து உட்கார்ந்தது. திருச்சியிலேயே பிஎஸ்சி சேர்வது, கூடவே ஜெர்மன் படிப்பது. முதலாண்டு முடிந்த உடனே போகலாமே என்று அவள் கேட்டாள். இரண்டாம் செமஸ்டர் மதிப்பெண் பட்டியல் வந்து, ஏபிஎஸ் முடிந்து, குளிர்கால செமஸ்டருக்கான ஜூலை 15 கெடுவுக்குள் எல்லாம் சேர வேண்டும். நம் ஊர்ப் பல்கலைக்கழகங்கள் பட்டியல் கொடுக்கிற வேகம் உங்களுக்கே தெரியும். அதனால் இரண்டாம் ஆண்டில் இருக்கும்போது, மொழியும் கைக்கு வந்த பிறகு விண்ணப்பம், அப்படியும் மனம் மாறினால் பட்டம் முடித்து முதுகலைக்கு. மூன்று வருடப் பட்டத்தை எல்லா ஜெர்மன் பல்கலைக்கழகங்களும் முதுகலைக்கு ஏற்பதில்லை, ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும், அதையும் குறித்துவைத்திருக்கிறோம். போன மாதம் கோதே நிறுவனத்தின் ஜெர்மன் மொழித் தேர்வு எழுதச் சென்னைக்கு மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் தனியாகப் போய்விட்டு வந்தாள். அறை தேடியது, தேர்வு இடம் திறந்த சில நிமிடங்களில் பதிவு செய்தது, ஆதார் மறந்து பாதி வழியில் டிஜிலாக்கரில் எடுத்துக் காட்டியது எல்லாம் அவளே. ஒரு வருடத்துக்கு முன்னால் இதே பெண் பாஸ்போர்ட் அலுவலகத்தில் கையெழுத்து எங்கே போடுவது என்று என் முகத்தைப் பார்த்தவள்.

எல்லாப் பிள்ளைக்கும் தள்ளிப்போடுவதுதான் சரி என்று நான் சொல்லவில்லை. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் என்று குறிவைத்து, பதினொன்றாம் வகுப்பிலேயே அந்தப் பாடத்தில் மூழ்கிக் கிடக்கும் பிள்ளை என்றால் அக்டோபர் 15 கெடுவுக்கு அந்த வருடமே போட்டுவிட வேண்டும், காத்திருந்து ஆகப்போவது ஒன்றும் இல்லை. சிங்கப்பூரும் அப்படித்தான், பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துச் சேர்த்துக்கொள்கிறார்கள், அரசின் டியூஷன் கிராண்ட் என்கிற கட்டண உதவியை வாங்கினால் படித்த பிறகு மூன்று வருடம் அங்கே வேலை பார்க்க வேண்டும், தூரமும் நாலு மணி நேர விமானம். அங்கே அத்தையோ சித்தியோ இருந்தால் பதினேழிலும் தைரியமாக அனுப்பலாம். அக்கம்பக்கத்தார் கேட்கிறார்களே, ஒரு வருடம் இடைவெளி விழுந்துவிடுமே என்பதற்காக அவசரப்படுபவர்களுக்குத்தான் சொல்கிறேன். அந்த இடைவெளியைப் பற்றிப் பல்கலைக்கழகம் கேட்கும், நேர்மையாகச் சொன்னால் போதும். ஐஈஎல்டிஎஸ் என்கிற ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண்ணுக்கு இரண்டு வருடம்தான் ஆயுள், அதை மட்டும் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளாதீர்கள்.

கன்சல்டன்சிக்குப் போகிறவர்கள் போங்கள், ஆனால் நாடும் படிப்பும் வருடமும் வீட்டிலேயே முடிவான பிறகு போங்கள். போனதும் எந்தப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பந்தம் என்று பட்டியல் கேளுங்கள், அதில் இல்லாத ஒன்றைச் சொல்லி முகத்தைக் கவனியுங்கள். அடுத்த வருடச் சேர்க்கைக்கு இப்போதே விண்ணப்பிக்க முடியுமா என்று கேளுங்கள். விசா மறுத்தால் பல்கலைக்கழகத்துக்குக் கட்டிய முன்பணத்தில் எவ்வளவு பிடித்துக்கொள்வார்கள் என்பதைப் பல்கலைக்கழகத் தளத்திலிருந்தே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், வாய்வார்த்தை வேண்டாம். ஒரிஜினல் சான்றிதழ்களை ஒரு நாள்கூட அங்கே விட்டுவிட்டு வராதீர்கள். விண்ணப்ப லாகின், மின்னஞ்சல், பாஸ்வேர்டு எல்லாம் பிள்ளையின் கையில் இருக்கட்டும்; எங்களுக்கு முதலில் அவர்கள் ஒரு மின்னஞ்சலை உருவாக்கி அதில்தான் எல்லாம் வைத்திருந்தார்கள், கேட்டு மாற்றி வாங்கினோம்.

சனிக்கிழமை போகாதீர்கள், கூட்டம் தாங்காது, பத்து நிமிடத்தில் பேசி அனுப்பிவிடுவார்கள். செவ்வாய், புதன் மதியம் மூன்று மணிக்கு மேல் போனால் உட்கார்ந்து பேச நேரம் கிடைக்கும். அந்தக் குறுக்குத் தெருவில் கார் நிறுத்த இடம் கிடையாது, டூவீலரில் போவது உத்தமம்.